தங்கம் தேடிய மலையில் இரண்டு நாள்

கொச்சியின் மிளகுக் கிடங்குகளிலிருந்து சுமார் 200 கி.மீ. தூரத்தில், ஒரு காலத்தில் லண்டனையே பைத்தியமாக்கிய தங்க வயல்கள் புதர் மண்டிக் கிடக்கின்றன. வார இறுதியில் நடக்கப் போகிறவர்களுக்கு அது வரலாறு. அங்கேயே வாழ்பவர்களுக்கு இன்னும் முடியாத கதை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் நடந்தால் மூக்கைத் துளைப்பது சுக்கும் மிளகும் கலந்த நெடி. ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள், சாக்கு மூட்டைகள், தராசுகள். கொஞ்சம் தள்ளி யூதர் தெருவில், 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையின் கட்டடம். விரல் சைகையாலும் தொண்டை கிழியும் கூச்சலாலும் மிளகு விலை நிர்ணயமான கூடம் அது. கணினி வந்ததும் கூச்சல் அடங்கியது. ஆனால் வயநாட்டு மிளகு என்றால் கொச்சி வியாபாரிகளிடம் இன்றும் தனி மதிப்புதான்.

அந்த மிளகு விளையும் மலைகளுக்குள் இன்னொரு செல்வமும் இருக்கிறது என்று நம்பி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கூட்டம் கப்பலேறி வந்தது. அவர்கள் தேடியது தங்கம். அவர்கள் தோண்டிய குகைகளும் கிணறுகளும் நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தேவாலா, பந்தலூர் சுற்று வட்டாரத்தில் இன்றும் இருக்கின்றன. கொச்சியிலிருந்து வெள்ளி இரவு கிளம்பும் ஒரு குழு, சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்து பார்த்துவிட்டு திங்கள் காலை வேலைக்குத் திரும்பிவிடலாம். அவ்வளவு பக்கம். ஆனாலும் மூணாறு போகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் என்று தோன்றவில்லை.

திருச்சூர், பெரிந்தல்மண்ணா, நிலம்பூர் என்று வண்டி போகிறது. நிலம்பூர் என்றால் தேக்கு. மலபார் கலெக்டராக இருந்த கானலி 1840-களில் போட்ட தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்று. ஆனால் நிலம்பூரைத் தாண்டி ஓடும் சாலியாறும் அதன் கிளைகளும் அதைவிடப் பழைய கதை ஒன்றைச் சுமந்துவந்தவை. மலையிலிருந்து அடித்துவரும் மணலில் பொன் துகள் இருக்கும். பணியர், குறும்பர் போன்ற பழங்குடி மக்கள் மரத் தட்டில் மணலை அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவி, அடியில் தங்கும் துகளை எடுத்தார்கள். ஆற்றுக்கும் மலைக்கும் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளே சொந்தக்காரர்கள். கழுவியவர்களுக்குக் கூலி மிஞ்சினாலே பெரிது.

வழிக்கடவு தாண்டியதும் கணவாய். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நாடுகாணியில் மூச்சு வாங்கும்போது கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. எல்லைக் கோடு காகிதத்தில்தான் கறாராக இருக்கிறது. டீக்கடையில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இந்தப் பகுதியே 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்ததுதான். அந்த ஆண்டில் நீலகிரியோடு சேர்த்தார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில் தங்க ஜுரம் வந்தது.

ஜுரம் வந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மலையில் நடந்தால், பார்ப்பது வெறும் தேயிலையும் புதரும்தான்.

தங்கம் இருக்கிறது என்பது வெள்ளைக்காரர்களுக்கு முன்பே தெரியும். 1830-களிலேயே மலபார் அதிகாரிகள் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். 1860-களில் ஆஸ்திரேலியாவின் தங்க வயல்களில் அனுபவப்பட்டவர்கள் வயநாட்டுக் குன்றுகளில் பாறையைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். 1874-ல் தேவாலா அருகே ஆல்ஃபா கம்பெனி வேலையை ஆரம்பித்தது. தோண்டப் போனவர்களுக்கு ஒரு ஆச்சரியம். ஏற்கெனவே குன்றுகளில் எங்கு பார்த்தாலும் பழைய குழிகள். பெயர் தெரியாத உள்ளூர் ஆட்கள், இரும்புக் கம்பியும் கையுமாக, பல தலைமுறைகளுக்கு முன்பே வெள்ளைக் குவார்ட்ஸ் பாறையைத் தொடர்ந்து குடைந்துபோயிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் இந்த மலையின் காபித் தோட்டங்கள் சாகக் கிடந்தன. தண்டு துளைப்பான் பூச்சி ஒரு பக்கம், இலை நோய் இன்னொரு பக்கம். கடனில் மூழ்கிய தோட்டக்காரர்களுக்கு, செடிக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்ற செய்தி தேனாகப் பாய்ந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரா ஸ்மித் என்பவரை அரசாங்கம் 1879-ல் வரவழைத்தது. 1880-ல் வந்த அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டியது. தங்கப் பாறைகள் ஏராளம், உறுதியானவை, தொடர்ந்து போகக்கூடியவை என்றது.

லண்டனுக்கு அது போதும். 1879 இறுதியிலிருந்து 1881-க்குள் இங்கிலாந்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் வயநாட்டுத் தங்கத்தின் பெயரில் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் மூலதனம் சுமார் 50 லட்சம் பவுன். கிளென்ராக், ஃபீனிக்ஸ், தேவாலா மோயார் என்று பெயர்கள். செத்த காபித் தோட்டங்கள் கொள்ளை விலைக்குக் கைமாறின. பாறையை இடிக்கும் உலக்கை இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டு வண்டிகளில் மலையேறின. பந்தலூர் ராத்திரியோடு ராத்திரியாக நகரமாகப் பார்த்தது.

இரண்டே வருஷத்தில் பலூன் வெடித்தது. மாதிரிக்குப் பொறுக்கி எடுத்த கல்லில் மின்னிய தங்கம், டன் கணக்கில் இடித்த பாறையில் மின்னவில்லை. பல இடங்களில் ஒரு டன்னுக்குச் சில கிராம்தான் கிடைத்தது. ஒரு கணக்குப் போட்டால் புரியும். டன்னுக்கு 3 கிராம் என்றால், ஒரு சவரன் தங்கத்துக்குச் சுமார் 2,700 கிலோ பாறையை வெட்டி, சுமந்து, இடித்துத் தூளாக்க வேண்டும். மேல்மட்டத்தில் கிடந்த மக்கிய பாறை சுலபமாகத் தங்கத்தை விட்டுக்கொடுத்தது. ஆழம் போகப் போகத் தங்கம் கந்தகக் கனிமங்களோடு பின்னிக் கிடந்தது. பாதரசத்தில் பிடிபடாமல் நழுவியது. அதைப் பிரிக்கும் சயனைடு முறை கண்டுபிடிக்கப்பட்டது 1887-ல். அதற்குள் இங்கே கடை கட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்த ஜுரம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. இதே வருஷங்களில் லண்டன் பணம் மைசூர் சமஸ்தானத்தின் கோலாருக்கும் போனது. அங்கேயும் முதலில் கை நஷ்டம்தான். கடைசிப் பணத்தையும் போட்டுத் தோண்டியதில் சாம்பியன் ரீஃப் என்ற பாறை அகப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்படும்வரை கோலார் தங்கவயல் சுமார் 800 டன் தங்கம் தந்தது. அதைத் தோண்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர்கள். கோலாருக்கு ஒரு நகரமும் ஒரு தொழிலாளர் வர்க்கமும் மிஞ்சின. வயநாட்டுக்கு மிஞ்சியது குழிகள்.

நடக்கும்போது தெரிவது

முதல் நாளுக்கு நாடுகாணி ஜீன்பூல் பூங்காவும் கூடலூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில் உள்ள ஊசிமலையும் பொருத்தம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் இரண்டும் உண்டு. பதிவு செய்துகொண்டு, கட்டணம் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக முடியும். வழிகாட்டிகளில் பலர் பழங்குடி இளைஞர்கள். ஊசிமலை உச்சியில் நின்றால் ஒரு பக்கம் முதுமலைக் காடு. மறுபக்கம் கூடலூர்ப் பள்ளத்தாக்கு. மேற்கே மேகம் விலகினால் வயநாட்டு மலை வரிசை. லண்டன் முதலீட்டாளர்கள் தங்கள் வாழ்நாளில் ஒருதடவைகூடப் பார்க்காமல் பணம் போட்ட நிலம் இதுதான்.

இரண்டாம் நாள் தேவாலா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே மண் சாலைகள். குன்றின் இடுப்பில் திடீரென்று ஒரு கரிய வாய் தெரியும். பெரணி தொங்கும். உள்ளேயிருந்து ஈரக் காற்று வீசும். வவ்வால் வாசனை. இதுதான் பாறையைத் தொடர்ந்து உள்ளே போன சுரங்க வழி.

வழி தெரிந்த வழிகாட்டி குழுவை அங்கேயே நிறுத்திவிடுவார். நிறுத்தவும் வேண்டும். கைவிட்ட சுரங்கத்தில் இருட்டைவிடப் பெரிய ஆபத்து காற்று. வெளியேற வழியில்லாத இடத்தில் பிராணவாயு குறைந்து கரிவாயு தேங்கியிருக்கும். மூக்குக்கு எதுவும் தெரியாது, கால் மடங்கும்போதுதான் தெரியும். மழைக்கு ஊறிய கூரை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. நேராக இறங்கும் கிணறுகள் இன்னும் மோசம். வாயை லாண்டனா புதர் மூடியிருக்கும். பாதையை விட்டு ரெண்டு அடி விலகிப் படமெடுக்கப் போகிறவருக்கு அது கிணறு என்று தெரிய வாய்ப்பே இல்லை.

இவ்வளவு தெரிந்தும் உள்ளே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தேவாலா வட்டாரத்தில் பழைய குகைகளில் திருட்டுத்தனமாகப் பாறை வெட்டுவதும், போலீஸ் விரட்டுவதும், வாயை மூடுவதும், மறுபடி திறப்பதும் வாடிக்கை. மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் செத்தவர்கள் உண்டு. வெட்டிய கல்லை இடித்து, பாதரசம் சேர்த்துப் பிசைந்து, சூடாக்கித் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அந்தப் புகை நரம்பைத் தாக்கும். மிச்சம் ஓடையில் கலக்கும். 1880-ல் கம்பெனிகளுக்கே கட்டுப்படியாகாத பாறை இன்று தனியாளுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? பதில் நகைக்கடைப் பலகையில் இருக்கிறது. 2025-ல் ஒரு சவரன் 75,000 ரூபாயைத் தாண்டியது. தேயிலைக் கொழுந்து விலை விழுந்த மாதத்தில், ஒரு வாரத்துக்கு ஒரு கிராம் கிடைத்தால்கூட இறங்கத் துணிகிறவர்கள் இருப்பார்கள்.

யாருடைய மலை?

இந்தக் குன்றுகளில் வசிப்பவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆதியில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர். பிறகு மலபாரிலிருந்து குடியேறிய விவசாயிகள். பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, கண்டிச் சீமையில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழர்கள் லட்சக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கியதுதான் டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டம். சேரம்பாடி, பந்தலூர், தேவாலா பக்கமெல்லாம் அதன் குடியிருப்பு வரிசைகள்.

இவர்களில் பலர் காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்பது அரை நூற்றாண்டாகத் தீராத வழக்கு. ஜன்மி நிலங்களை அரசுடைமையாக்க 1969-ல் தமிழ்நாடு கொண்டுவந்த கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த வழக்கில் சொன்ன தீர்ப்பு அரசியல் சட்டப் பாடப் புத்தகங்களில் இடம்பெற்றுவிட்டது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1995-ல் போட்ட வழக்கு அதைவிடப் பிரபலம். 1996 டிசம்பரில் நாடு முழுவதும் காடு என்ற சொல்லுக்கே உச்ச நீதிமன்றம் புது அர்த்தம் கொடுத்தது. பொன் கழுவிய ஆறுகளின் சொந்தக்காரக் குடும்பத்திலிருந்தே காட்டைக் காக்கும் வழக்கும் வந்தது இந்த மலையின் விசித்திரம். தீர்ப்புகள் வந்தன. பட்டா இல்லாதவர்களின் நிலைமை பெரிதாக மாறவில்லை. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது. வீட்டுக்கு மின்சார இணைப்பு வாங்கவே அலைய வேண்டும். இந்த நிலையில், கொல்லைப்புறக் குன்றில் ஒரு குகை வாய் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

மற்ற நாடுகள் இப்படிப்பட்ட மலைகளை என்ன செய்தன? கோலாருக்குச் சுரங்க நிபுணர்களை அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வால், தன் கைவிட்ட சுரங்கங்களையும் புகைபோக்கிகளையும் நடைபாதைகளால் இணைத்தது. 2006-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பிரா ஸ்மித் வந்த விக்டோரியாவில், பல்லாரட் நகரம் தன் தங்க ஜுரத்தைத் திறந்தவெளி அருங்காட்சியகமாக்கி 1970 முதல் காசு பார்க்கிறது. கிணறுகளுக்குக் கம்பி வலை, குகைகளுக்கு வவ்வால் போய்வர இடைவெளி விட்ட இரும்புக் கதவு, பக்கத்தில் கதை சொல்லும் பலகை. செலவு அதிகமில்லை.

தேவாலாவில் இவற்றில் எதையும் பெரிய அளவில் காணோம். வனத்துறையின் 40 பாதைகளிலும் தங்கச் சுரங்கங்களுக்கென்று ஒரு பாதை இல்லை. குகைகளில் சில தனியார் தோட்டத்தில், சில அரசுத் தோட்டத்தில், சில காட்டில். எல்லோருக்கும் கொஞ்சம் சொந்தம் என்பதால் யாரும் பொறுப்பெடுப்பதில்லை. அபாயமான கிணறுகளை மூடி, பாதுகாப்பான நாலைந்து வாய்களைத் தேர்ந்தெடுத்து, வெளியே நின்று பார்க்கும்படி ஒரு பாதை போட்டு, இறங்கிப் பாறை வெட்டும் அதே இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கொடுத்தால் என்ன? குகையின் ஒவ்வொரு திருப்பமும் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவுக்கு இன்று கிடைப்பது போலீஸ் வழக்கு.

குழுவாக நடக்கப் போகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்தது. காட்டில் அனுமதி என்பது வெறும் ரசீது அல்ல என்பதை அந்தச் சாவுகள் சொல்லித்தந்தன. எத்தனை பேர், எந்தப் பாதையில், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான் தேடிப் போக முடியும்.

மழையும் அப்படித்தான். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்து ஊர்களை அடித்துச் சென்றபோது, சடலங்கள் சாலியாற்றில் மிதந்து நிலம்பூர்ப் பக்கம் கரை ஒதுங்கின. ஒரு காலத்தில் பொன் துகள் கொண்டுவந்த அதே ஆறு.

ஞாயிறு மாலை கணவாய் இறங்கி, நள்ளிரவு வாக்கில் வண்டி மட்டாஞ்சேரிக்குள் நுழையும்போது கிடங்குகள் பூட்டியிருக்கும். நெடி மட்டும் அப்படியே இருக்கும். இந்தக் கரையோரத்து முசிறிக்கு யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. மலைக்குள் பொன்னைத் தேடிப் போனவர்கள் போண்டியானார்கள். மலையிலிருந்து மிளகைக் கொண்டுவந்தவர்களிடம் பொன் தானாக வந்து சேர்ந்தது. அந்தப் பாடத்தைக் கொச்சி எப்போதோ படித்துவிட்டது. தேவாலாவில், குகை வாய்க்குள் டார்ச் விளக்கோடு இறங்குகிறவனுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

போகிறவர்கள் கவனத்துக்கு

பாதை: கொச்சி – திருச்சூர் – பெரிந்தல்மண்ணா – நிலம்பூர் – வழிக்கடவு – நாடுகாணி – தேவாலா. ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். ரயிலில் ஷொரணூர் வழியாக நிலம்பூர் வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

காலம்: நவம்பரிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை. அதற்குப் பிறகு காட்டுத்தீ காலத்தில் மலைப்பாதைகள் மூடப்படுவதுண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது.

அனுமதி: வனப்பாதைகளுக்கு முன்பதிவு கட்டாயம். தேயிலைத் தோட்டங்கள் வழியாக நடக்க நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை உண்டு, கிளம்புமுன் சரிபார்த்துக்கொள்ளவும்.

எச்சரிக்கை: சுரங்க வாய்க்குள் யாரும், எந்தக் காரணத்துக்காகவும் நுழையக்கூடாது. பாதையை விட்டு விலகக்கூடாது. கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் யானை நடமாட்டம் அதிகம். அதிகாலையிலும் இருட்டிய பிறகும் நடக்க வேண்டாம். முழுக்கை உடை, அட்டைக்கு உப்பு, போதுமான தண்ணீர் அவசியம்.